புதுப்பிப்பு: 11 வயது மகனுடன் ஸ்வீடன் கால்பந்துப் போட்டி, விசா கிடைத்தது

கோத்தன்பர்க் நகரில் ஜூலையில் நடக்கும் கோத்தியா கோப்பைக்குக் கோயம்புத்தூரிலிருந்து அப்பாவும் பையனும் மட்டும் போக என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

வேலைக்கு ஆனது திருப்பூர் அண்ணன் சொன்ன வழிதான்: அம்மாவின் சம்மதக் கடிதம், நோட்டரி கையெழுத்துடன். மூவரின் பாஸ்போர்ட் எண், போய்வரும் தேதி, தங்கும் இடம் எல்லாம் அதில் இருக்கட்டும். கூடவே அம்மாவின் பாஸ்போர்ட் நகல், பையனின் பிறப்புச் சான்றிதழ். முதல் தடவை விண்ணப்பம் திரும்பி வந்தது. கடிதம் இருந்தும், பையனின் விண்ணப்பப் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போடவில்லை. இரண்டும் வேறு வேறு. படிவத்தில் பெற்றோர் இருவரும் போட வேண்டும்.

கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45. விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 நிறையாத பிள்ளைக்குக் கைரேகை கிடையாது. பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. ஆறு மாதம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், தள்ளிப் போடாதீங்க.

எதிர்பாராதது ஊத்துக்குளி நெய். பால், இறைச்சிப் பொருட்களை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. பருப்புப் பொடியோடு நல்லெண்ணெய் வைத்துக்கொள்ளுங்க.

பூட்ஸ்: செயற்கைப் புல் மைதானமானால் அடியில் குட்டையான, நிறைய குமிழ் (ஸ்டட்) உள்ளதுதான் சரி. நீளக் குமிழ் புல்லில் மாட்டி, திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.