என்கிரிப்ஷனை உடைக்காமல் போனுக்குள்ளேயே படங்களைச் சோதித்தால் என்ன தவறு?

வினவி:
குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்களைக் கண்டுபிடிக்கச் செய்திச் செயலிகளுக்கு உத்தரவிடும் சட்ட முன்மொழிவு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதம் வந்தது. அதன்பின் பலமுறை திருத்தினார்கள், சர்ச்சை மட்டும் ஓயவில்லை. எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) உள்ள செயலியில் இதற்கு ஒரே வழி, படம் பூட்டப்படுவதற்கு முன் போனிலேயே சோதிப்பதுதான் என்கிறார்கள். என்கிரிப்ஷன் அப்படியே இருக்கிறதே, பிறகு ஏன் இவ்வளவு எதிர்ப்பு? தொழில்நுட்பத்தில் எங்கே இடிக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறி:
எதைத் தேடுகிறோம் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட படங்கள், இதுவரை யாரும் பார்க்காத புதிய படங்கள், சிறுவர்களை வலையில் வீழ்த்தும் உரையாடல்கள். மூன்றும் மூன்று விதமான வேலை.

முதல் வகைக்கு ஹாஷ், அதாவது படத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற ஓர் எண், போதும். ஆனால் எஸ்ஹெச்ஏ-256 போன்ற வழக்கமான ஹாஷ் முறை உதவாது, ஒரு பிக்ஸல் மாறினாலே மொத்த ஹாஷும் வேறாகிவிடும். அதனால் தோற்றத்தை வைத்து ஹாஷ் எடுப்பார்கள். இருப்பதில் எளிதான டி-ஹாஷ் முறை இது: படத்தை 9×8 பிக்ஸலாகச் சுருக்கி, நிறத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிக்ஸலும் பக்கத்தில் இருப்பதைவிட வெளிச்சமா என்று பார்த்து 1 அல்லது 0 போட வேண்டும். வரிசைக்கு 8, மொத்தம் 64 பிட். இரண்டு படங்களுக்கு இடையே பத்துப் பிட்டுக்குள் வித்தியாசம் என்றால் ஒரே படம் என்று கொள்ளலாம். அளவைச் சுருக்கினாலும் ஜேபெக் தரத்தைக் குறைத்தாலும் தாங்கும். இடவலமாகப் புரட்டிவிட்டால் தாங்காது.

மைக்ரோசாஃப்ட் 2009-இல் கொண்டுவந்த ஃபோட்டோடிஎன்ஏ என்ற ஹாஷ் முறை இதைவிடப் பல மடங்கு உறுதியானது, ஆனால் அது ஓடுவது சர்வரில். போனுக்குள் வைத்தால் எவரும் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் ஆப்பிள் தன் ஆன்லைன் சேமிப்பகமான ஐகிளவுடில் ஏற்றப்படும் படங்களைப் போனிலேயே சோதிக்க நியூரல்ஹாஷ் என்ற 96 பிட் ஹாஷை அறிவித்தது. ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 14.3-இல் கிடந்த அதன் மாடலைச் சிலர் வெளியே எடுத்து, சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களுக்கு ஒரே ஹாஷ் வரவைத்து அதே மாதமே காட்டினார்கள். அது இறுதி வடிவம் அல்ல என்றது ஆப்பிள். 2022 டிசம்பரில் திட்டத்தையே கைவிட்டது.

கரைமேடு:
தறி சொன்னதில் பாதிதான் இருக்கிறது. ஆப்பிளின் அந்தத் திட்டத்தில் ஒருவரின் சுமார் 30 படங்கள் தெரிந்த படங்களின் ஹாஷ் பட்டியலோடு பொருந்திய பிறகே எதுவும் திறக்கும். திறந்தாலும் சர்வரில் வேறொரு ஹாஷ் மறுபடி சோதிக்கும், அதன் பிறகே மனிதர் பார்ப்பார். செயற்கையாக உண்டாக்கிய மோதல் (வெவ்வேறு படங்களுக்கு ஒரே ஹாஷ் வருவது) இந்த மூன்று படிகளையும் தாண்டுவது மிகக் கடினம். அந்தப் படங்களில் இருப்பது உயிருள்ள குழந்தைகள். ஒவ்வொரு முறை பகிரும்போதும் அவர்களுக்கு மீண்டும் கொடுமை நடக்கிறது. "ஹாஷ் மோதும்" என்ற ஒற்றை வாதத்தால் இதைத் தள்ளிவிட முடியாது.

வினவி:
அப்படியானால் தெரிந்த படங்களுக்கு மட்டும் அனுமதித்து, மற்ற இரண்டையும் விட்டுவிட்டால்?

நடுநிசி:
மற்ற இரண்டையும் விட்டே ஆக வேண்டும், கணக்கைப் பாருங்கள். ஒரு செயலியில் நாளைக்கு 100 கோடிப் படங்கள், அவற்றில் பத்து லட்சத்துக்கு ஒன்று குற்றமானது என்று வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் 1,000 படங்கள். கண்டறியும் மாடல் 0.1 சதவீதம் மட்டுமே தவறினாலும் நாளைக்குப் பத்து லட்சம் நிரபராதிப் படங்கள் மாட்டும். ஆயிரத்தைப் பிடிக்கப் பத்து லட்சத்தை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். குளிக்கும் குழந்தையை அம்மா எடுத்த படமும் அதில் இருக்கும்.

கரைமேடு சொல்வதுபோல் தெரிந்த படங்களுக்குப் பிழை மிகக் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். அங்கே சிக்கல் பட்டியலில். போனுக்கு வருவது வெறும் எண்கள், அவை எந்தப் படத்துக்கானவை என்று போன்காரரால் பார்க்க முடியாது. நாளை அதே பட்டியலில் ஒரு போராட்டச் சுவரொட்டியின் ஹாஷைச் சேர்த்தால் குறிமுறையில் ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை. ஒரு வேலைக்கென்று கட்டிய வசதி கைமாறியதற்கு ஏதென்ஸ் சாட்சி. 2004-05-இல் வோடஃபோன் கிரீஸின் எரிக்ஸன் தொலைபேசி இணைப்பகச் சுவிட்சுகளில் சட்டப்படியான ஒட்டுக்கேட்புக்கென்று இருந்த மென்பொருளைக் கொண்டே, பிரதமர் உட்பட நூறு பேருக்கு மேல் ஒட்டுக்கேட்கப்பட்டார்கள். ஆகவே தெரிந்த படங்களுக்கு மட்டும் என்றாலும் என் பதில் வேண்டாம் என்பதே.

தறி:
புகார் வழியை யாரும் பேசவில்லையே. வாட்ஸ்அப்பில் ஒருவரைப் புகார் செய்தால் அவர் உங்களுக்குக் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். போலிப் புகாரைத் தடுக்கவும் வழி உண்டு. அனுப்புபவரின் செயலி செய்தியோடு ஒரு ஹாஷையும் அனுப்பும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே சர்வர் அதற்கு முத்திரையிடும். பெற்றவர் புகார் செய்யும்போது செய்தியையும் அதற்கான சாவியையும் கொடுப்பார். முத்திரை ஒத்துப்போனால் அந்தச் செய்தி உண்மையிலேயே அவர் அனுப்பியது. ஃபேஸ்புக் 2016-இல் ரகசிய உரையாடல்களில் இதைத்தான் செய்தது.

கரைமேடு:
அனுப்புபவரும் பெறுபவரும் கூட்டாளிகள் என்றால் புகார் எங்கிருந்து வரும்?

நடுநிசி:
வராது. அங்கே பயன்படுவது என்கிரிப்ஷனுக்கு வெளியே கிடப்பவை: குழுப் பெயர், குழுப் படம், புரொஃபைல் படம், பொதுவெளியில் போடும் அழைப்பு இணைப்புகள். புரொஃபைல், குழுப் படங்களை வாட்ஸ்அப் ஏற்கெனவே ஃபோட்டோடிஎன்ஏ வைத்துச் சோதிக்கிறது. இதிலும் சிக்காத சிறு குழுக்கள் இருக்கும். அவர்களைப் பிடிக்க உளவாளிகளும், நீதிமன்ற ஆணையோடு ஒரு குறிப்பிட்ட போனைக் கைப்பற்றுவதும்தான் வழி. அதற்குப் போலீசில் ஆளும் பணமும் வேண்டும், ஒதுக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது அதைத்தான்.