40 நொடி தாண்டினால் தண்டனையா? ஜூனியர் கோல்ஃப் போட்டிகளும் ஆட்ட வேகமும்

ரஃப்வாசி:
பக்கத்து இழையில் கறார்மார்ஷல் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ஜூனியர் போட்டி ஐந்தரை மணி நேரம் இழுக்கிறது என்றால் பிள்ளைகள்தான் காரணம். விதிப்படி ஒரு ஷாட்டுக்கு 40 நொடி. தாண்டினால் தண்டனையாக ஸ்கோரில் ஒரு ஸ்ட்ரோக் போடு, தானாக ஓடுவார்கள்" என்கிறார். விதி 5.6-ஐ ஒருமுறையாவது திறந்து பார்த்தாரா? 40 நொடிக்குள் அடிப்பது நல்லது என்று அதில் பரிந்துரைதான் செய்திருக்கிறார்கள். கமிட்டி தனியாக ஒரு வேகக் கொள்கை எழுதி வைத்திருந்தால்தான் நொடிக்கணக்கில் தண்டனை வரும். 8 நிமிடத்துக்கு ஒரு குரூப்பாக, நாலு நாலு பேராக அனுப்பிவிட்டு, மூன்றாவது துளையிலேயே பார் 3 (ஒரே அடியில் கிரீனை எட்டக்கூடிய குட்டைத் துளை) வைத்திருந்தால் நெரிசல் வராமல் என்ன செய்யும்? முன்குரூப் குழி இருக்கும் கிரீனை விட்டு இறங்கும்வரை பின்னால் இருப்பவர்கள், முதல் அடி அடிக்கும் டீயில் நிற்க வேண்டியதுதான். இதற்கும் 12 வயதுப் பிள்ளை எடுத்துக்கொள்ளும் நொடிகளுக்கும் என்ன சம்பந்தம்?

கறார்மார்ஷல்:
வந்துவிட்டார் வக்கீல். 40 என்று விதிப்புத்தகத்தில் அச்சாகி இருக்கிறதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.
ஆட்ட வேகத்தைக் கவனிக்கும் மார்ஷலாக நான் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். பையன் பந்துக்கு வருகிறான். மற்ற மூவரும் அடிக்கும்வரை கை கட்டி வேடிக்கை. தன் முறை வந்த பிறகுதான் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரை உறையிலிருந்து எடுக்கிறான். கொடியைப் பார்க்கிறான், மறுபடியும் பார்க்கிறான். புல்லைக் கிள்ளிக் காற்றில் விடுகிறான். கையுறையைப் பிரித்து ஒட்டுகிறான். நாலு பயிற்சி ஸ்விங். அப்புறம் பைக்குப் போய் கிளப்பை மாற்றுகிறான்! இதெல்லாம் டிவியில் பார்த்துக் கற்றது. பார் 3-ஐக் குறை சொல்லாதீர்கள்.

ரஃப்வாசி:
அச்சில் இருக்கிறது, "பரிந்துரை" என்ற சொல்லோடு சேர்ந்து. பாதியை மட்டும் படிப்பது உங்கள் வசதி.

பட்டிங்பாவம்:
ஒரு சந்தேகம். மெதுவான ஆட்டம் என்று இங்கே எதைச் சொல்கிறோம்? ஒரு ஆள் ஒரு ஷாட்டுக்கு எடுக்கும் நேரமா, குரூப் முன்குரூப்பை விட்டுப் பின்தங்கிப் போவதா? இரண்டும் வேறுவேறு ஆயிற்றே. அதை முதலில் பேசிக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

கறார்மார்ஷல்:
அதெல்லாம் அப்புறம். அகஸ்டாவில் நடந்த 2013 மாஸ்டர்ஸ் போட்டியை மறந்துவிட்டீர்களா? குவான் தியான்லாங், 14 வயதுச் சிறுவன். இரண்டாம் சுற்றில் 17-ஆவது துளையில் ஒரு ஸ்ட்ரோக் போட்டார்கள். எதற்கு? 40 நொடியைத் தாண்டியதற்கு. அகஸ்டாவிலேயே வயது பார்க்கவில்லை. உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் தாலாட்டு வேண்டுமோ?

ரஃப்வாசி:
கதையை முழுதாகச் சொல்லுங்கள் சார். அவர் குரூப் 10-ஆவது துளையிலேயே பின்தங்கிவிட்டது. 12-இல்தான் அவருக்குக் கடிகாரம் வைத்தார்கள். 13-இல் எச்சரிக்கை. அதன் பிறகும் தாண்டியதால் 17-இல் தண்டனை. அதுவும் விதியோடு அந்தப் போட்டியின் வேகக் கொள்கையும் சேர்ந்து வந்த தண்டனை. எடுத்த எடுப்பில் 41-ஆவது நொடியில் யாரும் பாய்ந்து வரவில்லை. பையனும் கட் (கடைசி இரண்டு சுற்றுகளுக்கான தகுதி வரம்பு) தாண்டி, அமெச்சூர்களில் சிறந்தவனாகத்தான் முடித்தான்.

கறார்மார்ஷல்:
ஆக, 40 நொடிதான். நன்றி.

பிள்ளையின்அப்பா:
அந்த 40 எங்கிருந்து தொடங்குகிறது? பந்துக்கு வந்து சேர்ந்ததும் என்கிறார் ஒரு மார்ஷல். முந்தைய ஆள் அடித்ததும் என்கிறார் இன்னொருவர். விதியோ, இடையூறோ கவனச்சிதறலோ இல்லாமல் அடிக்க முடிகிற நிலை வந்த பிறகு என்கிறது. அந்த நிலையை யார் தீர்மானிப்பது? 150 கெஜம் தள்ளி வண்டியில் உட்கார்ந்திருக்கும் நீங்களா?

கறார்மார்ஷல்:
அடிக்க முடிகிற நிலை, அல்லது இருந்திருக்க வேண்டிய நிலை. அதையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் மாதிரி அப்பாக்கள் கயிற்றுக்கு வெளியே நின்று ஜாடை காட்டாமல் இருந்தால் பாதி நேரம் மிச்சம். பிள்ளை பந்தைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைப் பார்க்கிறது. ஜாடையில் கிளப் சொல்வதும் ஆலோசனைதான். பிள்ளை கேட்டு வாங்கினால் விதி 10.2-இல் இரண்டு ஸ்ட்ரோக்.

பிள்ளையின்அப்பா:
நான் ஜாடை காட்டியதைப் பார்த்தீர்களா? போன வருடம் ஒரு போட்டியில், ரஃபில் (ஓரத்து நீளப் புல்லில்) என் மகளின் பந்தைத் தேடும்போது, விதி தேட அனுமதிக்கும் மூன்று நிமிடம் ஆகும் முன்பே "போதும் போதும், நட" என்று விரட்டிய மார்ஷல் ஒருவர் உண்டு. எழுத்து நடையைப் பார்த்தால் நீங்கள்தான் என்று தோன்றுகிறது.

கறார்மார்ஷல்:
நானாக இருந்தால் பெருமைப்படுகிறேன். தொலையும் என்று தெரிந்த பந்துக்கு ப்ரொவிஷனல் (முன்னெச்சரிக்கையாக இன்னொரு பந்து) அடிக்காமல் நடந்து போய், அப்புறம் டீக்குத் திரும்பி ஓடிவருவது யார் தவறு?

பட்டிங்பாவம்:
40-ஐ விட்டு வேறு வழிகளையும் பேசலாமே. தயாராக இருப்பவர் முதலில் அடிக்கலாம் என்று 2019 விதிகளே ஊக்குவிக்கின்றன. கொடியை எடுக்காமலே பட் செய்யலாம். சின்னப் பிள்ளைகளுக்கு டீயை முன்னால் வைக்கலாம். விதி 21.2-இன் அதிகபட்ச ஸ்கோர் முறையும் உண்டு. ஒரு துளைக்கு உச்ச வரம்பு வைத்துவிட்டால், அதைத் தொட்ட பிள்ளை பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.
நேரம் எங்கே போகிறது என்று கிரீன் ஓரத்தில் நின்று பார்த்தால் தெரியும். பத்து வயதுப் பெண் ஒருத்தி பந்தைக் குழியில் போட்டுவிட்டு அங்கேயே நின்று ஃபேர்வே பக்கம் விரல் நீட்டி எண்ணுகிறாள்: டீயில் ஒன்று, மரத்தடியில் ரெண்டு, மணலில் மூணு நாலு… கூட ஆடும் பையன் "மணலில் மூணு தடவை அடிச்சே" என்கிறான். மறுபடி முதலிலிருந்து. பின்குரூப் ஃபேர்வேயில் இடுப்பில் கை வைத்துக் காத்திருக்கிறது. கார்டை அடுத்த டீயில் போய் எழுதச் சொன்னாலே போதும்.

கறார்மார்ஷல்:
அதிகபட்ச ஸ்கோரா? பந்தைப் பையில் போட்டுக்கொண்டு போக எதற்குப் போட்டி? பூங்காவுக்கே போகலாம். பெண்கள் தொழில்முறை அமைப்பான எல்பிஜிஏவைப் பாருங்கள், 2025-இலிருந்து நேரத்தை 5 நொடி வரை தாண்டினால் அபராதம், 6 முதல் 15 வரை ஒரு ஸ்ட்ரோக், 16-லிருந்து இரண்டு ஸ்ட்ரோக். உலகமே நொடிக்கு வந்துவிட்டது. நீங்கள் இன்னும் கார்டு, கொடி என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

ரஃப்வாசி:
அபராதமா? பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கட்டட்டுமா? அது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அந்த அமைப்பு எழுதிக்கொண்ட கொள்கை. முதல் பதிவில் நான் சொன்னதும் அதுதான். என் வாதத்துக்கு நீங்களே சாட்சி கொண்டுவருகிறீர்கள்.

கறார்மார்ஷல்:
உங்கள் வாதத்துக்கு நான் சாட்சியா! டீ நேர இடைவெளி போடத் தெரியாத கமிட்டிகளில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள்தான் இப்படி எழுதுவார்கள்.

ரஃப்வாசி:
நான் எந்தக் கமிட்டியிலும் இல்லை. தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம்.

கறார்மார்ஷல்:
"வக்கீல்" என்றதற்கே கோபம் வந்துவிட்டதே, இதற்கும் வரும் என்று தெரியும்.

ரஃப்வாசி:
அதற்கு நான் கோபப்படவே இல்லை. மேலே ஏறிப் படித்துப் பாருங்கள்.

பட்டிங்பாவம்:
இடைவெளியை 10 நிமிடம் ஆக்கினால் என்ன ஆகும் என்று யாராவது…

கறார்மார்ஷல்:
கடைசியாகச் சொல்கிறேன். 40. அச்சில் இருக்கிறது. அடுத்த ஜூனியர் போட்டிக்கு ஸ்டாப்வாட்சோடு வருகிறேன், யார் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று இங்கேயே போடுகிறேன்.

பிள்ளையின்அப்பா:
தாராளமாக வாருங்கள். அதே வாட்சில் மூன்று நிமிடமும் காட்டுமா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.

கறார்மார்ஷல்:
தேடல் எப்போது தொடங்கியது என்று முதலில் சொல்லுங்கள். உங்கள் மகள் பந்துப் பக்கம் வரும் முன்பே நீங்கள் கயிற்றைத் தாண்டித் தேட ஆரம்பித்துவிட்டீர்களே.

பிள்ளையின்அப்பா:
ஆக, அது நீங்கள்தான்!