கோங்கு வெறும் குச்சியாகிவிட்டது, பிழைக்குமா?

பாலக்கோடு கொல்லை:
ஒகேனக்கல் போகும் வழியில், பாறைச் சரிவில், இலையே இல்லாமல் மஞ்சளாய்ப் பூத்து நின்ற மரத்தைப் பார்த்து மாசியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஆடு மேய்த்த பாட்டி "கோங்கு" என்றார். வைகாசியில் மறுபடி போய், வெடித்த காயிலிருந்து பஞ்சும் விதையுமாய் முந்தானையில் முடிந்து வந்தேன். ஒன்றுதான் முளைத்தது. மூன்று வருடமாகிறது, இடுப்பு உயரம். வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே, காற்று அடிக்காத மூலையில் இருக்கிறது. மார்கழியில் இலையெல்லாம் பழுத்து விழுந்துவிட்டது. பயந்துபோய் தினம் ஒரு குடம் ஊற்றுகிறேன், ஒரு கை யூரியாவும் போட்டேன். துளிரைக் காணோம். பிடுங்கிவிட்டுக் கறிவேப்பிலை வை என்கிறார் வீட்டுக்காரர்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
அம்மா, முதலில் குடத்தைக் கீழே வையுங்கள்! கோங்கு வறண்ட காலத்தில் இலை உதிர்க்கும் மரம், அது தூங்குகிறது. தூங்குகிறவன் வாயில் சோறு ஊட்டுவதுபோல்தான் இந்த யூரியா. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. அப்புறம் மண்ணை ஒட்டி அடித்தண்டை அழுத்திப் பாருங்கள், கொழகொழவென்று இருந்தால்தான் கவலை. என் முதல் கன்று அப்படித்தான் போனது. ஒட்டுமாங்கன்றுக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாய் பக்கத்திலேயே ஓடியது. பிடுங்கினால் அடி அழுகின வாழைத்தண்டு மாதிரி நாறியது. இரண்டாவதைச் சரளை கலந்து மேட்டில் வைத்தேன், நிற்கிறது. சுவர் மறைவு நல்லதுதான். முருங்கை மாதிரி மெத்தென்ற மரம், ஆடிக்காற்றில் கிளை சட்டென்று முறியும். ஆனால் வெயில் முழுசாக விழ வேண்டும், கூரைத் தண்ணீர் வேரில் சொட்டக்கூடாது.

அரூர் வாத்தியார்:
விதை எடுத்து வளர்த்தது நல்லதாகப் போயிற்று. நான் நர்சரியில் கோங்கு என்று கேட்டு வாங்கிய கன்று, மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு மரமான வெள்ளைக்கோங்காக இருந்தது. அதன் இலை பிளவில்லாத முழு இலை. நம்முடையதில் ஒரே இலை மூன்று, ஐந்து விரலாகப் பிளந்திருக்கும். இலவு மாதிரி தனித்தனிச் சிற்றிலை கிடையாது. அடுத்த முறை விதையின் ஓட்டைச் சொரசொரப்பான தரையில் தேய்த்துவிட்டு ஊன்றுங்கள், தோல் தடிமனானது.

பாலக்கோடு கொல்லை:
சுரண்டினேன் அண்ணா, பச்சை! அடியும் கெட்டியாக இருக்கிறது. ஆனால் மண்ணைக் கிளறினால் ஒரே சேறு. நான் ஊற்றியது பாதிதான், துணி துவைக்கிற கல்லிலிருந்து மீதி வந்துகொண்டிருந்திருக்கிறது. செங்கல் நான்கு வைத்து வீட்டுக்காரரே வாய்க்காலைத் திருப்பினார், ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக் கறிவேப்பிலையை அங்கேயே நட்டும்விட்டார்.