ஆட்குறைப்புத் தாள் கொடுத்துவிட்டார்கள். இது சோஷலிச நாடு இல்லையா?

புதிதாக வந்தவன்:
வணக்கம். பதற்றத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை மேலாளர் கூப்பிட்டு, ஆட்குறைப்பு என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். நான் வெளிநாட்டில் வேலை செய்கிறேன். இங்கே வரி, காப்பீடு என்று மாதாமாதம் சம்பளத்தில் நாற்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் பிடிக்கிறார்கள். ஏன் இவ்வளவு என்று கேட்டால், "இது சோஷலிச நாடு, உனக்கு ஒன்று என்றால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்றுதான் கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். அதை நம்பித்தான் இருந்தேன். சோஷலிச நாட்டில் இப்படி ஆளை வெளியே அனுப்ப முடியுமா? சோஷலிசத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் உண்மையில் என்னதான் வித்தியாசம்? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கரைசேர்ந்தவர்:
தம்பி, முதலில் அந்த நம்பிக்கையை விடுங்கள். வரி அதிகம் என்றால் சோஷலிசம், குறைவு என்றால் முதலாளித்துவம் என்று பலரும் தப்பாகவே நினைக்கிறார்கள். பார்க்க வேண்டியது சொத்து யார் கையில் இருக்கிறது என்பதை. நீங்கள் வேலை செய்யும் இடத்தின் கட்டடமும் இயந்திரமும் பங்குதாரர்களுடையவை என்றால் அது முதலாளித்துவம். எதைச் செய்வது, எத்தனை பேரை வைத்துக்கொள்வது, லாபத்தை எங்கே போடுவது, எல்லாம் அவர்கள் முடிவு. சோஷலிசத்தில் அந்தச் சொத்து பொதுவுடையது. அரசு வைத்திருக்கலாம், வேலை செய்பவர்களே கூட்டுறவாகவும் வைத்திருக்கலாம். வரி என்பது சம்பளமும் லாபமும் வந்தபின் அரசு எடுத்துக்கொள்ளும் பங்கு. எவ்வளவு எடுத்தாலும் உடைமை கைமாறுவதில்லை.

சம்பளச் சீட்டில் மருத்துவக் காப்பீட்டுக்கு என்று பிடிக்கிறார்களே, அதை 1883இல் ஜெர்மனியில் சட்டமாக்கியவர் அன்று அரசுத் தலைமை அமைச்சராக இருந்த பிஸ்மார்க். 1878இல் சோஷலிஸ்டுகளின் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடை செய்தவரும் அவரேதான். தொழிலாளர்கள் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த காப்பீடு அது.

மூன்றுபெட்டி:
எனக்கு வந்த நான்காவது மாதமே வேலை போய்விட்டது. நண்பர் வீட்டுக் கூடத்தில் தரையில் படுத்தேன். அவர் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் படுக்கையைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். இரண்டு மாதம் அப்படி. உதவித்தொகை கேட்டுப் போனபோது அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மாதம் காப்பீடு கட்டியிருக்கிறீர்கள்?" கட்டிய காலம் போதவில்லை, ஒன்றும் கிடைக்கவில்லை. எந்த நாடாக இருந்தால் என்ன, கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்குக்காற்று:
கரைசேர்ந்தவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உடைமை என்ற ஒற்றைக் கோடு போதாது. நோயாளியிடம் காசு கேட்காமல் வைத்தியம் பார்க்கிறார்கள் என்றால் அங்கே சந்தை விதி வேலை செய்யவில்லை. பிரிட்டன் 1948இல் மருத்துவமனைகளை அரசின் கையில் கொண்டுவந்தது. சுற்றிலும் முதலாளித்துவம், நடுவில் ஒரு துறை மட்டும் சோஷலிசம். டென்மார்க், ஸ்வீடன் போன்ற வட ஐரோப்பிய நார்டிக் நாடுகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

கரைசேர்ந்தவர்:
பிரிட்டன் மருத்துவமனை சரி. அங்கே உடைமையே மாறியது, நான் சொன்னதும் அதுதான். நார்டிக் கதை வேறு. தங்கள் நாடு சோஷலிசத் திட்டப் பொருளாதாரம் அல்ல, சந்தைப் பொருளாதாரம் என்று 2015இல் டென்மார்க் பிரதமரே சொன்னார்.

சுவரோரம்:
நான் இருப்பது 1990 வரை சோஷலிச ஆட்சி நடந்த பழைய கிழக்கு ஜெர்மனியில். கீழ்வீட்டுப் பாட்டி அந்தக் காலத்தில் ஒரு நூற்பாலையில் இருந்தவர். 'மக்கள் உடைமை நிறுவனம்' என்று பெயர். எவ்வளவு நூல், என்ன விலை என்று மேலிருந்து திட்டம் வரும். வேலை போகுமோ என்று ஒருநாளும் பயந்ததில்லை என்பார். காருக்குப் பதிவு செய்தால் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்வார். 1990க்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஆலைகளை அரசு விற்றது, பலவற்றை மூடியது. அவர் ஆலையும் மூடியது. அந்த ஆலையின் அடையாள அட்டையை இன்னும் தையல் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். தேய்ந்துபோய்ப் படம் தெரியாது. இரண்டையும் வாழ்ந்து பார்த்தவர், ஒன்றைச் சொர்க்கம் என்றும் மற்றதை நரகம் என்றும் சொன்னதில்லை.

இரவுப்பணி:
இவ்வளவு பிடித்தும் தோல் மருத்துவரைப் பார்க்க எனக்கு நான்கு மாதம் ஆனது. எதற்குக் கட்டுகிறோம் என்றே தெரியவில்லை.

மூன்றுபெட்டி:
வீடு? ஒரு அறைக்கு ஐம்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். புதிதாக வந்தவன் கடைசி.

நிதானம்:
கொஞ்சம் நிறுத்துங்கள். இவருக்கு வெள்ளிக்கிழமை கெடு. தம்பி, எந்த நாடு? வந்து எத்தனை மாதம்? என்ன விசா? தாளின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது?

புதிதாக வந்தவன்:
மன்னிக்கவும் அக்கா, சொல்லவே இல்லை. ஜெர்மனி. இதே வேலையில் 14 மாதம். விசா நீல அட்டை, படித்த வெளிநாட்டவருக்குத் தரும் வேலை அனுமதி. தலைப்பு 'ஆஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக்'.

நிதானம்:
அப்படியானால் கையெழுத்துப் போடாதீர்கள். அது பணிநீக்க உத்தரவு அல்ல, நீங்களே சம்மதித்து விலகும் ஒப்பந்தம். போட்டால் வேலையின்மை உதவித்தொகையைப் பொதுவாக 12 வாரம் நிறுத்திவைப்பார்கள். போடுமுன் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திலோ காட்டுங்கள். நிறுவனத்தில் பணியாளர் குழு, அதாவது வேலை செய்பவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் குழு, இருக்கிறதா என்று நாளையே விசாரியுங்கள். இருந்தால், அவர்களைக் கேட்காமல் செய்த பணிநீக்கம் செல்லாது. முடிவு முதலாளியுடையதுதான், ஆனால் சட்டம் அந்தக் கையைக் கொஞ்சம் பிடித்துவைத்திருக்கிறது.

உண்மையான பணிநீக்கக் கடிதம் வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் வழக்குப் போடலாம். அந்தக் கெடுவைத் தவற விடாதீர்கள். வேலை முடிய மூன்று மாதம்கூட இல்லை என்றால், தெரிந்த மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். 30 மாதத்தில் 12 மாதம் காப்பீடு கட்டியிருந்தால் உதவித்தொகை உண்டு, நீங்கள் 14 கட்டிவிட்டீர்கள். வேலை நின்றால் இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் எழுத வேண்டும்.

மூன்றுபெட்டி:
தம்பி, மேலே பயமுறுத்திவிட்டேன். என்னைப் போல இல்லை, நீங்கள் கட்டியிருக்கிறீர்கள்.

புதிதாக வந்தவன்:
பணியாளர் குழு இருக்கிறதாம், இரண்டாம் மாடியில். நாளை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலும் சொல்லிவிட்டேன். சம்பளச் சீட்டுகளை அவள்தான் மாதவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

நிதானம்:
வேலை ஒப்பந்தத்தின் நகலையும் அதோடு வைக்கச் சொல்லுங்கள்.