தளத்தைப் புதுப்பித்த பிறகு தேடலிலிருந்து வரும் விசாரிப்புகள் பாதியாகிவிட்டன: விளம்பரத்தை நிறுத்தியதுதான் காரணமா?

தராசு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொழிற்கூடங்களுக்கான மின்னணு எடை இயந்திரங்களை விற்பதும் பழுதுபார்ப்பதும் எங்கள் தொழில். ஒன்பது ஆண்டுகளாக இருந்துவரும் எங்கள் இணையதளத்தை நான்கு மாதங்களுக்கு முன் முழுவதுமாகப் புதுப்பித்தோம். செலவைக் குறைப்பதற்காக அதே மாதத்தில் கூகுள் விளம்பரங்களையும் நிறுத்தினோம். அடுத்த ஐந்தாறு வாரங்களுக்குள் தேடல் வழியாக வரும் விசாரிப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டன.

எங்களுக்கு எஸ்.இ.ஓ. (தேடல் முடிவுகளில் தளத்தை மேலே கொண்டுவரும்) பணி செய்துதரும் நிறுவனம் மூன்று காரணங்களைச் சொல்கிறது. விளம்பரத்தை நிறுத்தியதால் கூகுள் எங்களைக் கீழே தள்ளிவிட்டதாம், பக்கங்களின் நிரலில் தேடல் சொற்களைப் பட்டியலிடும் கீவேர்ட்ஸ் மெட்டா குறிச்சொல்லில் போதிய சொற்கள் இல்லையாம், பேக்லிங்க்குகளும் (பிற தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் இணைப்புகள்) போதவில்லையாம். ஆயிரம் பேக்லிங்க்குகள் கொண்ட ஒரு தொகுப்பை வாங்கினால் மூன்று மாதத்தில் முதலிடம் உறுதி என்கிறார்கள். ஆனால் அவர்களுடைய மாத அறிக்கையிலேயே எங்கள் டொமைன் அத்தாரிட்டி 19இலிருந்து 27ஆக உயர்ந்திருக்கிறது. அலுவலகக் கணினியில் நானே தேடிப் பார்த்தாலும் எங்கள் தளம்தான் முதல் வரியில் நிற்கிறது. எல்லாம் நன்றாக இருக்கும்போது தொலைபேசி மட்டும் ஏன் ஒலிக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. அந்தத் தொகுப்பை வாங்கலாமா?

சிலந்திவலை எழுதியது:

வணக்கம் ஐயா. தொகுப்பை இப்போதைக்கு வாங்க வேண்டாம். விளம்பரத்தை நிறுத்தியதற்கும் தரவரிசைக்கும் தொடர்பில்லை.

கீவேர்ட்ஸ் மெட்டா குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அதை இன்னும் காரணமாகச் சொல்கிறவர்களுடைய மற்ற காரணங்களையும் சற்று ஐயத்துடன் அணுகுவதே நல்லது. டொமைன் அத்தாரிட்டி என்பது மோஸ் என்ற தனியார் நிறுவனம் 1 முதல் 100 வரை கணித்துத் தரும் மதிப்பெண். கூகுளின் தரவரிசை முறையில் அந்த எண் இடம்பெறுவதில்லை. போட்டியாளர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அது பயன்படலாம், ஆனால் அது உயர்ந்ததால் வாடிக்கையாளர் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

தரவரிசையை உயர்த்துவதற்காக விலைகொடுத்து வாங்கும் இணைப்புகள் கூகுளின் ஸ்பாம் தடுப்புக் கொள்கைகளுக்கு எதிரானவை. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தரவரிசை முறையில் செய்த பென்குயின் என்ற மாற்றம் அத்தகைய இணைப்புகளைக் குறிவைத்தே கொண்டுவரப்பட்டது. இன்று அவற்றில் பெரும்பாலானவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாமலே போகின்றன. நிலைமை மோசமானால், கூகுள் ஊழியர் ஒருவரே பார்த்து உங்கள் தளத்தின் மீது எடுக்கும் நடவடிக்கையாகவும் அது முடியலாம். முதலிடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது.

உங்கள் கணினியில் தெரியும் முதல் வரியையும் நம்ப வேண்டாம். தேடுபவரின் இருப்பிடம், மொழி, முந்தைய தேடல்கள் ஆகியவற்றைப் பொறுத்து முடிவுகள் மாறக்கூடியவை. அதிலும் உங்கள் தளத்தையே நாள்தோறும் திறக்கும் கணினி பிறருடைய அனுபவத்தைக் காட்டாது. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உள்ள செயல்திறன் அறிக்கையைத் திறந்து, புதுப்பிப்புக்கு முந்தைய மூன்று மாதங்களையும் பிந்தைய மூன்று மாதங்களையும் ஒப்பிடுங்கள். அங்கே 16 மாதத் தரவு இருக்கும். சரிவு எல்லாப் பக்கங்களிலும் உள்ளதா, சில பக்கங்களில் மட்டுமா என்பதைச் சொல்லுங்கள். புதுப்பித்தபோது பக்கங்களின் முகவரிகள் மாறினவா என்பதையும் தெரிவியுங்கள்.

விற்பனைமேசை எழுதியது:

சிலந்திவலை அவர்கள் மன்னிக்க வேண்டும், விளம்பரத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நாங்கள் விளம்பரத்தை நிறுத்திய மாதத்தில் கட்டணமில்லாத தேடல் வருகையும் குறைந்தது. பணம் கட்டுகிறவரைக் கூகுள் கைதூக்கிவிடுகிறது என்றே நான் நம்புகிறேன்.

சிலந்திவலை எழுதியது:

நீங்கள் கண்ட சரிவு உண்மையாக இருக்கலாம். அதற்கு வேறு வழியில் விளக்கம் உண்டு. விளம்பரத்தைப் பார்த்த ஒருவர் அப்போதே சொடுக்காமல், இரண்டு நாள் கழித்து உங்கள் நிறுவனப் பெயரைத் தட்டச்சு செய்து தேடி வருகிறார். அந்த வருகை கட்டணமில்லாத் தேடலின் கணக்கில்தான் சேரும். விளம்பரம் நின்றால் பெயரைத் தேடுபவர்கள் குறைவார்கள், தரவரிசை இருந்த இடத்திலேயே இருக்கும். செயல்திறன் அறிக்கையில் நிறுவனப் பெயர் உள்ள தேடல்களையும் பெயர் இல்லாதவற்றையும் தனித்தனியாக வடிகட்டிப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். விளம்பரம் தருவது தேடல் தரவரிசையைப் பாதிக்காது என்பதே கூகுள் அறிவித்துள்ள நிலைப்பாடு.

தராசு எழுதியது:

நீங்கள் சொன்னபடி பார்த்தேன். நிறுவனப் பெயரைத் தேடி வருபவர்கள் சற்றே குறைந்திருக்கிறார்கள். பெரிய சரிவு முழுவதும் பழுதுபார்ப்பு, அளவுத்திருத்தம் ஆகிய பக்கங்களில்தான் இருக்கிறது. விற்பனைப் பக்கங்கள் பழைய நிலையிலேயே உள்ளன.

முகவரிகள் மாறியது உண்மை. முன்பு "சேவைகள்" என்ற கோப்புறையில் இருந்த பக்கங்கள் இப்போது "பராமரிப்பு" என்பதன் கீழ் உள்ளன. பழைய முகவரியைத் திறந்தால் புதியதற்குச் செல்லும்படி 301 ரீடைரக்ட் போட்டிருப்பதாக நிரலாளர் சொல்கிறார். நானும் திறந்து பார்த்தேன், சரியாகவே செல்கிறது. பிறகு, ஒரே உள்ளடக்கம் இரண்டு முகவரிகளில் இருந்தால் கூகுள் தண்டிக்கும் என்று எஸ்.இ.ஓ. நிறுவனம் எச்சரித்ததால், பழைய கோப்புறையை ரோபாட்ஸ் கோப்பில் தடை செய்துவிட்டோம்.

குறிமுறையாளர் எழுதியது:

தராசு ஐயா, உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல் இருக்கிறது.

ரோபாட்ஸ் கோப்பு, ஒரு பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டாம் என்று மட்டுமே தேடுபொறியின் ஊர்தியிடம் (பக்கங்களைத் தானாகத் திறந்து படிக்கும் நிரல்) சொல்கிறது. பக்கத்தைத் திறந்தால்தான் அங்கே 301 இருப்பது அதற்குத் தெரியும். கதவையே பூட்டிவிட்டதால், "இந்த வீட்டார் அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்" என்று உள்ளே எழுதி வைத்திருக்கும் பலகையை அது பார்க்கவே இல்லை. உங்களுக்குச் சரியாகச் செல்வதற்குக் காரணம், உலாவி ரோபாட்ஸ் கோப்பைப் பொருட்படுத்துவதில்லை என்பதே. ஒன்பது ஆண்டுகளில் அந்தப் பழைய முகவரிகள் ஈட்டிய இணைப்புகளின் மதிப்பு புதிய முகவரிகளுக்கு வந்துசேராமல் நிற்கிறது. புதியவை நேற்றுப் பிறந்த பக்கங்களாகவே மதிப்பிடப்படுகின்றன.

இதை உறுதிசெய்ய, சர்ச் கன்சோலின் பக்கங்கள் அறிக்கையில் "ரோபாட்ஸ் கோப்பால் தடுக்கப்பட்டும் இன்டெக்ஸ் ஆனவை" (கூகுளின் தேடல் பட்டியலில் சேர்ந்தவை) என்ற பொருளில் வரும் வரியைப் பாருங்கள். பழைய முகவரிகள் அங்கே இருந்தால் ஐயமே வேண்டாம்.

தண்டனை குறித்த அச்சமும் தவறான புரிதலே. ஒரு தளத்துக்குள் ஒரே உள்ளடக்கம் இரண்டு முகவரிகளில் இருந்தால், ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை, கூகுள் அவற்றுள் ஒன்றை முதன்மை முகவரியாகத் தேர்ந்துகொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். உங்கள் நிலையிலோ 301 இருந்ததால் இரட்டிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்துதான் இப்போது நோயாகியிருக்கிறது.

தடை வரியை நீக்குங்கள். கூகுள் ரோபாட்ஸ் கோப்பின் நகலைப் பொதுவாக 24 மணி நேரம் வரை வைத்திருக்கும் என்பதால், மறுநாள் வரை பொறுத்திருந்து, முக்கியமான பழைய முகவரிகளைச் சர்ச் கன்சோலின் முகவரிச் சோதனைக் கருவியில் இட்டு, கூகுள் மீண்டும் வந்து பார்க்குமாறு கோருங்கள். பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்பில் புதிய முகவரிகள் மட்டும் இருக்கட்டும். தளத்தின் உட்பக்க இணைப்புகளும் நேராகப் புதியவற்றுக்கே செல்லட்டும். ரீடைரக்ட்டுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள். நான் எவருக்கும் அவற்றை நீக்கச் சொன்னதே இல்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

தராசு எழுதியது (18 நாள்களுக்குப் பின்):

உதவிய இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரியில் எங்கள் பழைய முகவரிகள் முப்பத்தொன்று இருந்தன. தடையை நீக்கிய இரண்டாம் வாரத்திலிருந்து அவை ஒவ்வொன்றாக "ரீடைரக்ட் உள்ள பக்கம்" என்ற பட்டியலுக்கு மாறி வருகின்றன. அளவுத்திருத்தப் பக்கத்துக்குச் சொடுக்குகள் மெல்லத் திரும்புகின்றன. பழுதுபார்ப்புப் பக்கத்தில் இன்னும் அசைவில்லை. பேக்லிங்க் தொகுப்பை வாங்கவில்லை. அந்த நிறுவனத்திடம் ரோபாட்ஸ் வரியைக் காட்டிக் கேட்டபோது, அடுத்த மாத அறிக்கையில் விளக்குவதாகச் சொன்னார்கள்.

ஓர் ஐயம் மீதமிருக்கிறது. நாங்கள் கைவிட்ட இயந்திர வாடகைச் சேவைக்குப் பழைய பக்கங்கள் நான்கு உள்ளன. அவற்றுக்கு இணையான புதிய பக்கம் இல்லை. முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடலாமா?

குறிமுறையாளர் எழுதியது:

வேண்டாம் ஐயா. தொடர்பில்லாத பக்கங்களை மொத்தமாக முகப்புக்குத் திருப்பினால், கூகுள் அவற்றைப் பெரும்பாலும் மறைமுக 404ஆகவே, அதாவது இல்லாத பக்கங்களாகவே கருதும். வாடகைக்குத் தேடி வந்தவரும் குழம்பிப்போவார். 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (பக்கம் நீக்கப்பட்டது) என்ற பதிலைக் கொடுத்துவிடுங்கள். சில 404கள் இருப்பதால் தளத்தின் மற்றப் பக்கங்களுக்குக் கேடு எதுவும் வராது. வேறு எவரேனும் அந்த நான்கில் ஒன்றுக்கு இணைப்பு கொடுத்திருந்தால் மட்டும், "வாடகைச் சேவை நிறுத்தப்பட்டது, பழுதுபார்ப்புக்கு இங்கே வரவும்" என்று இரண்டு வரி எழுதி அந்த முகவரியை உயிரோடு வைத்திருங்கள்.