மறு: என்செபலோசீல் – மூளைப்பிதுக்கமா, மூளையிறக்கமா?

குழுவினருக்கு வணக்கம். என்செபலோசீல் என்பது மண்டையோட்டுத் துளை வழியே மூளையோ அதன் உறையோ வெளியே பிதுங்கும் பிறவிக் கோளாறு. நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ப் பெயர் போடுவது என்ற பேச்சில் புலவர் ஐயா எழுதியதற்கு இது பதில்:

> தாய்மார் மிரண்டுவிடுவார்கள். 'மூளை' வேண்டாம், 'மூக்குப் பிதுக்கம்' போதும்.

புலவர் ஐயா மன்னிக்கவும், இதற்கு நான் ஒப்பமாட்டேன். தருமபுரியில் காது மூக்கு தொண்டை பார்க்கிறவன். பென்னாகரம், அரூர்ப் பக்கமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், "மூக்குல சதை வளந்துடுச்சுங்க, எடுத்து உட்டுருங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மூக்குக்குப் பின்னால் வீங்கும் அடினாய்டு, மூக்குக்குள் தொங்கும் பாலிப் எல்லாமே அவர்களுக்குச் சதைதான். பெரிய பிள்ளைகளுக்கு அதனால் பாதகமில்லை. கைக்குழந்தைக்குப் பாலிப் வருவதோ அபூர்வம். ஒரு பக்க மூக்கடைப்போடு வந்தால் வேறொன்றையும் நினைக்க வேண்டும்: மண்டையோட்டின் அடித்தளத்தில், மூக்கின் கூரையாக இருக்கும் நெய்யரி எலும்பின் பக்கம், கருவிலேயே மூடாமல் போன துளை வழியாக மூளையுறையும் சிலருக்கு மூளைத்திசுவும் மூக்குக்குள் வந்திருக்கலாம். பார்வைக்குப் பாலிப் போலவே பளபளப்பாக இருக்கும். ஆனால் பிள்ளை வீறிட்டு அழும்போது உப்பும். சதையென்று ஊசி போட்டு உறிஞ்சினாலோ துண்டு வெட்டினாலோ மூளைத் தண்டுவட நீர் ஒழுகும், மூளைக்காய்ச்சலில் கொண்டுபோய் விடும். எம்.ஆர்.ஐ. பார்க்காமல் கை வைக்கவே கூடாது.

ஆகவே பெயரில் மூளை இருந்தாக வேண்டும். மிரண்டால் மிரளட்டும். அறுவைக்குப் பெங்களூர் போங்கள் என்றால் அந்தப் பயம்தான் அவர்களை பஸ் ஏற்றும்.

'மூளையிறக்கம்' குடலிறக்கத்தின் தடத்தில் வருவதால் வாய்க்கு எளிது, எனக்கும் ஆசைதான். இரண்டு இடத்தில் உதைக்கிறது. பிடரியில் பிதுங்குவதும் இதே கோளாறுதான், அது எங்கே இறங்குகிறது? தலைக்காயத்தில் அழுத்தம் கூடி மூளை கீழ்நோக்கித் தள்ளப்படுவதற்கும் ஒரு சொல் தேவை. இறக்கத்தை அதற்கு விட்டுவிடுவோம்.

என் வாக்கு: பொதுவாக மூளைப்பிதுக்கம், மூளையுறையும் தண்டுவட நீரும் மட்டும் வந்தால் மூளையுறைப் பிதுக்கம், மூக்குக்குள் வருவது அடித்தள மூளைப்பிதுக்கம். மண்டையோட்டுக்குக் 'கபாலம்' என்ற சொல்லெல்லாம் வேண்டாம், மண்டையோடே இருக்கட்டும்.

---

> என் வாக்கு: பொதுவாக மூளைப்பிதுக்கம்

சரி டாக்டர், ஏற்கிறேன். 'நாசி கிளையோமா'வுக்கு என்ன செய்வது? பட்டியலில் யாரோ 'மூக்கு மூளைப்புற்று' என்று போட்டிருக்கிறார்கள்.

---

ஐயா, அதை உடனே அடித்துவிடுங்கள். அது புற்றே இல்லை. மூளையிலிருந்து பிரிந்து மூக்கில் தங்கிவிட்ட திசு, அவ்வளவுதான். அழுதாலும் உப்பாது. 'இடம்மாறிய மூளைத்திசு' என்று போடலாம். சிலருக்கு மெல்லிய காம்பு ஒன்று மூளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் இதற்கும் ஸ்கேன்தான் முதலில்.