படகு டிரெய்லர் சர்ஜ் பிரேக்: வலது சக்கரம் மட்டும் இறுகுகிறது

ஹூஸ்டன் பக்கம் படகு டிரெய்லர் இழுக்கும் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். சர்ஜ் பிரேக் (இழுக்கும் வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையில் தானாகப் பிடிப்பது), ஒற்றை ஆக்சில், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், கால்வெஸ்டன் உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டி. 20 மைல் ஓடியதும் வலது ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) கை வைக்க முடியாத சூடு. இடது ஹப் வெதுவெதுப்புதான்.

ஜாக்கியில் தூக்கி, வலது காலிப்பரின் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) பிளீடர் திருகை, அதாவது ஆயில் வெளியேற்றும் திருகைத் திறந்ததும் பிரேக் ஆயில் பீய்ச்சியது, இறுகியிருந்த சக்கரம் உடனே சுழன்றது. ஆக ஸ்லைடு பின் (காலிப்பர் நகரும் கம்பி) துரு காரணமில்லை, அழுத்தம்தான் உள்ளே சிக்குகிறது. மாஸ்டர் சிலிண்டரில் (ஆயிலை அழுத்தும் பாகம்) டிரம் பிரேக்குக்கான, கொஞ்சம் அழுத்தத்தை உள்ளேயே நிறுத்தும் வால்வு கிடந்தாலோ, ரிவர்ஸ் சோலனாய்டு (பின்னால் எடுக்கும்போது பிரேக் பிடிக்காமல் தடுக்கும் மின் வால்வு) மாட்டிக்கொண்டாலோ இரண்டு சக்கரமும் பிடிக்க வேண்டும். அதனால் சந்தேகம் வலது ரப்பர் ஹோஸ் மேல். வெளியே ஒரு வெடிப்பும் இல்லை, ஆனால் உட்சுவர் வீங்கியிருந்தால் ஆயில் போகும், திரும்பாது.

அடுத்து ஹோஸ் ஸ்டீல் குழாயோடு சேரும் மேல்முனை நட்டைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அப்போதும் சக்கரம் விடவில்லையென்றால் ஹோஸ்தான் என்று உறுதி செய்யலாமா? இன்னொன்று: அந்த நட்டு துருவில் ஒட்டிக் கிடக்கிறது, ஃபிளேர் ஸ்பானரும் வழுக்குகிறது. ஸ்டீல் குழாயை முறுக்காமல் கழற்ற வழி சொல்லுங்கள்.